நன்றியுரைக்கு மூன்று நிமிடம்

நன்றி சொல்லியே மனிதர்களைச் சித்திரவதை செய்ய முடியும் என்று நிரூபித்தவர் இந்த மதுரையில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் சபையில் இருக்கிறார். உங்கள் ஊருக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே ஆட்டோ பிடித்து ஏற்றிவிடுகிறேன்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாது. "நன்றியுரை" என்றால்தான் தெரியும். நேரில் பார்த்தால் "நன்றியுரை சார்". கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூடத் தெருமுனையில் நின்று, "நன்றியுரை வீடு எதுங்க?" என்றுதான் கேட்பார். கேட்டு, கண்டுபிடித்து, சிலிண்டரை இறக்கி வைத்தபின் அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போகக் கால் மணி நேரம் தாமதமாகும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பசுமலைப் பக்கம் எங்கள் கோயில். கோயில் என்றால் சர்ச்தான், எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வோம். போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. இங்கே ஸ்தோத்திரப் பண்டிகை, பிரதிஷ்டைப் பண்டிகை, ஞாயிறுபள்ளி ஆண்டு விழா, புது ஐயருக்கு வரவேற்பு, பழைய ஐயருக்கு வழியனுப்பு என்று எது நடந்தாலும் பத்திரிகையின் கடைசி வரி ஒன்றுதான்: நன்றியுரை. அந்த வரி முடிந்தால்தான் சாப்பாடு. எங்களுக்கும் பிரியாணிக்கும் நடுவில் அந்த மனிதர் மலைபோல நின்றுகொண்டிருந்தார்.

மலை என்றதும் பெரிய உருவமாக நினைக்க வேண்டாம். ஒல்லி. வெள்ளைச் சட்டையின் பை மட்டும் புடைத்திருக்கும். உள்ளே ஒரு பாக்கெட் டைரி. முப்பது வருடம் ஒரு மில்லில் டைம் கீப்பராக இருந்தாராம். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று குறித்துக் குறித்தே கடிகாரத்தின் மேல் அவருக்குத் தீராத பகை வந்துவிட்டது என்பது என் ஆராய்ச்சி முடிவு.

அவர் பேச்சில் "கடைசியாக" என்று ஒரு சொல் வரும். சபைக்குப் புதிதாக வந்தவர்கள் அதைக் கேட்டதும் செருப்பைத் தேடுவார்கள். பழைய ஆட்கள் அசைய மாட்டார்கள். "கடைசியாக" குறைந்தது ஏழு தடவை வரும் என்று அவர்களுக்குத் தெரியும். நான்காவதில் குழந்தைகள் அழும். ஐந்தாவதில் அம்மாக்கள் குழந்தையோடு வெளியேறுவார்கள். ஆறாவதில் அப்பாக்கள், குழந்தையை வாங்கிக்கொள்ளப் போவதுபோல.

சும்மா பெயரை வாசித்துவிட்டுப் போகிறவரும் இல்லை. சனிக்கிழமையே கோயிலுக்கு வந்து விசாரணையில் இறங்கிவிடுவார். "பெஞ்ச தூக்கிப் போட்டது யாரு?" என்பார். எங்கள் வாலிபர் சங்கத்தில் ஆறு பேர் கை தூக்குவார்கள். அவர் நம்ப மாட்டார். "உள்ளங்கையக் காட்டுங்கப்பா" என்று வரிசையாக நிற்க வைத்து முகர்ந்து பார்ப்பார். பழைய வார்னிஷ் வாசம் அடிக்கிற கைக்குத்தான் டைரியில் இடம். ஒரு தடவை ஆறில் இரண்டு கைதான் தேறியது. மற்ற நான்கு பேரும் அந்தப் பண்டிகை பூராவும் தலைகுனிந்தே திரிந்தார்கள்.

மறுநாள் மேடையில் பெயரைச் சொன்னால், பெயருக்குரியவர் எழுந்து நிற்க வேண்டும். எழும்வரை அடுத்த பெயருக்குப் போக மாட்டார். ஆள் வெளியே இருந்தால் கூட்டிவரச் சொல்வார். ஒருமுறை, "இந்த நிமிசம் வரைக்கும் தடையில்லாம மின்சாரம் குடுத்த ஊழியர்களுக்கு..." என்று ஆரம்பித்தார். கரண்ட் போய்விட்டது. அத்தோடு தப்பித்தோம் என்று எல்லாரும் எழுந்தோம். மனிதர் மேடையிலிருந்து இறங்கி, மிச்சமிருந்த பதினேழு பேரையும் இருக்கை இருக்கையாகத் தேடிப் போய்க் கைகொடுத்து நன்றி சொன்னார். இன்னொரு முறை, ஒரு கமிட்டி உறுப்பினர் பண்டிகைக்கே வரவில்லை. "கூட்டம் நெரிஞ்ச இந்த நாள்ல வராம இருந்து ஒரு நாற்காலிய விட்டுக்குடுத்த அண்ணன் அவர்களுக்கு" என்று அவருக்கும் நன்றி சொன்னார். அந்த அண்ணன் ஆறு மாதம் எங்கள் கோயில் பக்கமே வரவில்லை. அதற்கும் நன்றி சொல்லியிருப்பார், நாங்கள்தான் தடுத்துவிட்டோம்.

ஆனால் போன வருடப் பிரதிஷ்டைப் பண்டிகையில் நடந்ததை மன்னிக்கவே முடியாது. பேராயர் வந்திருந்தார். அன்று மத்தியானம் வாடிப்பட்டியில் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை. அவர் போய்க் கைவைத்து ஜெபித்தால்தான் பிள்ளைகள் முதல் நற்கருணை எடுக்கலாம். அவர் எங்களிடமிருந்து பன்னிரண்டரைக்குக் கிளம்பியாக வேண்டும். நன்றியுரை சார் பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் பேராயரின் டிரைவர் பெயருக்கு வந்தார். டிரைவர் காரில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"கூட்டிட்டு வாங்கப்பா. சபையார் முகம் பாக்கணும்ல."

யாரோ போய்க் கார் கண்ணாடியைத் தட்டினார்கள். திடுக்கிட்டு விழித்த டிரைவர், பேராயர் கிளம்பிவிட்டார் போல என்று நினைத்துக் காரைக் கிளப்பி, கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். ஹாரனைக் கேட்டுப் பேராயர் எழுந்தார். பேராயர் எழுந்ததும் சபை எழுந்தது. பாடகர் குழு முடிவுப் பாட்டை ஆரம்பித்துவிட்டது.

"ஐயா, உக்காருங்க!" என்றார் நன்றியுரை சார் மைக்கில். "பந்தல்காரருக்கு இன்னும் சொல்லல."

பேராயர் உட்கார்ந்தார். வாடிப்பட்டியில் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு மாலை நாலு மணி வரை காத்திருந்தார்கள்.

அதனால்தான் இந்த மே மாதம் எங்கள் ஐயருக்கு மாற்றல் வந்து, வழியனுப்பு விழாவுக்கு அதே பேராயர் வருகிறார் என்றதும் கமிட்டி கூடியது. அன்றைக்கும் அவருக்கு வாடிப்பட்டியில் ஆராதனை இருந்தது. நான் வாலிபர் சங்கச் செயலாளர், விழாவைத் தொகுத்து வழங்குகிறவளும் நானே. நிமிடத்துக்கு நிமிடம் அட்டவணை போட்டு எல்லார் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பியிருந்தேன். கமிட்டி செயலாளர் கே.கே. நகரிலிருந்து காரில் வருகிறவர். இஸ்திரி மடிப்பு கலையாமல் பேசுவார்.

"இந்த வாட்டி நன்றியுரை கிடையாது. போய்ச் சொல்லிரு."

"நானா அங்கிள்?"

"நீதானே டைம் டைம்னு குதிக்கிற?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாசலிலேயே ஸ்டூல் போட்டு டைரியைப் பிரித்து வைத்திருந்தார். ஐம்பத்து நான்கு பெயர். வழியனுப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"வா பாப்பா. ஐயர் வந்த புதுசுல அவரு சாமான் செட்ட லாரியில இருந்து இறக்குனது யாருன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? ரெண்டு பேரு பேரு சிக்க மாட்டேங்குது."

"சார், அப்ப நான் எட்டாப்பு படிச்சிட்டிருந்தேன்."

"அதுனால என்ன? எட்டாப்புக்குக் கண்ணு இருக்காதா?"

'இந்த முறை நீங்கள் பேச வேண்டாம்' என்ற வாக்கியத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"மூணு நிமிசம்தான் சார்."

"எதுக்கு?"

"உங்களுக்கு."

டைரிப் பக்கத்தில் விரலை ஓட்டினார். "இருபது?"

"மூணு."

"பத்து குடு. அம்பத்தி நாலு பேரு தாயி."

"மூணுதான் சார். அதுக்கு மேல என் கையில இல்ல."

"தொண்டையச் செருமுறது அதுல சேருமா?"

"சேரும்."

டைரியை மூடிப் பையில் வைத்தார். "மில்லுல முப்பது வருசம் டோக்கன் நம்பரத்தான் எழுதுனேன் பாப்பா. இருநூத்திப் பன்னெண்டு, இருநூத்திப் பதிமூணுன்னு. ஒருத்தன் செத்துப்போனான். மாலையப் போட்டுட்டு, என்ன பேருன்னு பக்கத்துல இருந்தவன்கிட்டக் கேட்டேன்." ஸ்டூலிலிருந்து எழுந்தார். "சரி, மூணு நிமிசம். வெயிலுக்கு மோர் குடிச்சிட்டுப் போ."

திரும்பி வந்து கமிட்டி செயலாளரிடம் விஷயத்தைச் சொன்னதும் முதல் முறையாக அவருடைய இஸ்திரி மடிப்பு கலைந்தது. "நீ யாரு அவருக்கு டைம் குடுக்க? நாலாவது நிமிசம் ஆச்சுன்னா நான் மைக்க ஆப் பண்ணுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் அவருக்கு மைக் கிடையாது. உனக்கும் செயலாளர் பதவி கிடையாது. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மோர் காரணமாக இருக்கலாம்.

விழா நாளன்று என் அட்டவணையைக் கொன்றவர் நன்றியுரை சார் இல்லை. கமிட்டிதான். சால்வை போர்த்துதல் என்று பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். பேராயருக்குப் போர்த்தினார்கள், ஐயருக்குப் போர்த்தினார்கள், சரி. பிறகு செயலாளர் பொருளாளருக்குப் போர்த்தினார், பொருளாளர் செயலாளருக்குப் போர்த்தினார், உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றிப் போர்த்திக்கொண்டார்கள். ஒவ்வொரு சால்வைக்கும் ஒரு போட்டோ. மே மாத வெயிலில் ஐயர் கழுத்துவரை சால்வையில் புதைந்து, கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். நாற்பத்தெட்டு நிமிடம் ஆனது. மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

நன்றியுரை சார் மேடையேறினார். நான் போனில் நிமிடத்தை ஓடவிட்டேன். செயலாளர் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் போய் நின்று சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டார். சார் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். தொண்டையைச் செருமினார். பதினோரு வினாடி போனது.

"குருசம்மா அக்கா. திராட்சரசம் ஊத்துற ராப்போசனக் கிளாஸெல்லாம் பதினெட்டு வருசமா கழுவி வக்கிறவங்க. ஒண்ணுகூட உடைஞ்சதில்ல. எந்திரிங்கக்கா."

தூண் மறைவிலிருந்து குருசம்மா எழுந்தார். "ரெண்டு உடைஞ்சிருக்கு சார்."

"ரெண்டு உடைஞ்சிருக்கு. நன்றி. அடுத்து, நடக்க முடியாதவங்கள ஞாயிறு தவறாம ஆட்டோவுல ஏத்திட்டு வந்து, திரும்பக் கொண்டுபோயி விடுற தங்கராசு."

ஒன்பது பெயர்தான். பூ ஜாடிக்குத் தண்ணீர் மாற்றுகிறவர், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர், கழிப்பறை கழுவுகிறவர். எட்டாவது, எங்கள் பண்டிகைக்கெல்லாம் பிரியாணி போடுகிற பாய்.

"பாய், உள்ள வாங்க."

பின் வாசலில் கரண்டியோடு நின்றவர் கத்தினார். "தம்முல கெடக்கு சார். இங்கனயே நிக்கேன்!"

"அங்கனயே நில்லுங்க. நன்றி. ஒம்பதாவது, ஐயரம்மா. இந்த ஏழு வருசமா ஐயரப் பாக்கணும்னு யாரு எந்நேரம் வந்து நின்னாலும், ஐயர் வார வரைக்கும் அவங்க கஷ்டத்தக் கேட்டது இவங்கதான். பாதிப் பேரு ஐயரப் பாக்காமலே திரும்பிப் போயிருக்கோம். நானும் போயிருக்கேன். எந்திரிங்கம்மா."

நான்காவது வரிசையில் ஐயரம்மா எழுந்தார். மேடையில் ஐயர் தன்மேல் கிடந்த சால்வைக் குவியலை அப்படியே வாரி நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்துப் பேராயர் எழுந்தார். சபை மொத்தமும் எழுந்தது. இந்த முறை யாரும் செருப்பைத் தேடவில்லை.

"அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு சார் இறங்கிவிட்டார்.

போனைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஐம்பத்தொரு வினாடி. எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. மே மாதம், வியர்வை.

பேராயர் பன்னிரண்டரைக்குக் காரில் ஏறினார். என் வாழ்நாள் சாதனை. ஏறும்போது, "எனக்கு நன்றி சொல்லாம அனுப்புன சபை இது ஒண்ணுதான்யா" என்று சிரித்தார். அவர் சிரித்தார், கமிட்டி சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. பேராயர் பெயர் இல்லை, ஐயர் பெயர் இல்லை, செயலாளர் இல்லை, பொருளாளர் இல்லை. இத்தனை சால்வையோடு நின்றவர்களில் ஒருவருக்குக்கூட நன்றி இல்லை. சொல்லப்போனால் என் பெயரும் இல்லை. நான் கடைசி வினாடி வரை காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

நேரே போய்க் கேட்டேன். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"மூணு நிமிசத்துக்கு ஒம்பது பேருதான் கொள்ளும் பாப்பா. பத்திரிகையில பேரு அச்சடிச்சவங்கள விட்டுட்டேன். உம்பேரும் இருந்துச்சு, நிகழ்ச்சித் தொகுப்புன்னு. கோவிச்சுக்கிட்டியா?"

"இல்ல சார்" என்றேன், கோபமாக.

அடுத்த வாரமே கமிட்டி கூடியது. "அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ, அவரு முழுசாவே சொல்லட்டும். சபைன்னா ஒரு முறை இருக்குல்ல" என்று முன்மொழிந்தவர் செயலாளர். ஒரு மனதாக நிறைவேறியது. ஆக, அவருடைய மைக்கும் பிழைத்தது, என் பதவியும் பிழைத்தது, ஸ்தோத்திரப் பண்டிகைக்கு இனி மறுபடியும் ஏழு "கடைசியாக". டைரியோடு எதிரே வந்தவர் என்னைப் பார்த்த பார்வையில், எல்லாம் தெரிந்துதான் செய்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்வார். கேட்க எனக்கு நேரமில்லை.

ஏனென்றால் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. எனக்குத்தான், ஆவணியில், இதே கோயிலில். நிமிடத்துக்கு நிமிடம் அட்டவணை போட்டுவிட்டேன். கடைசி வரியில் மட்டும் நேரம் எழுதவில்லை. பிரியாணிக்கு முன்பணம் கொடுக்கப் போனபோது பாயிடம், "தம்ம மூணு மணிக்குப் பிரிச்சாப் போதும் பாய்" என்றேன்.

"கல்யாணத்துக்கு எதுக்குமா மூணு மணி?" என்றவர், சட்டென்று நிமிர்ந்தார். "அவரா பேசுறாரு?"

"ஆமா பாய்."

"அப்ப மூணரைன்னு வச்சுக்கங்க."

மூன்றரை என்றே வைத்துக்கொண்டோம்.