மாலக்கி போகாத ஆட்டங்கள்

“ஆடுறது பதினஞ்சு பேருதான். ஆனா நம்ம மாவட்டம் ஜெயிக்கிறதும் தோக்கிறதும்…”

இதற்கு மேல் மாலக்கி கில்ரேனுக்கு ஞாபகம் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ட்ரம்நாலா நாட்டுக் கால்பந்துக் கழகத்தின் ஆண்டு விருந்தில், அவனுடைய மாமனார் பாட்சி கலாக்லி, தலைவர் என்ற முறையில் எழுந்து நின்று பேசியது. சரியாக அந்த இடத்தில்தான் மாலக்கி இரண்டாவது முறை ஆப்பிள் பை வாங்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவனும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டினான். மாமனார் மறுவருஷமே போய்ச் சேர்ந்தார். அந்த வாக்கியத்தின் பின்பாதியும் அவரோடு போய்விட்டது என்றுதான் இந்த மே மாதம் வரைக்கும் மாலக்கி நினைத்திருந்தான்.

மாலக்கியின் லீட்ரிம் மாவட்டத்தில் ஆட்களைவிட ஆடுகள் அதிகம். ஆடுகளையும் சேர்த்துக்கொண்டால்தான் அந்த மாவட்டத்துக்கு ஒரு நல்ல அணி அமையும் என்று பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் சொல்வார்கள். முன்பெல்லாம் ஏப்ரலிலோ மே மாதத் தொடக்கத்திலோ லீட்ரிம் ஒரே ஒரு ஆட்டம் ஆடும், தோற்கும், பையன்கள் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு புல் அறுக்கப் போய்விடுவார்கள். அதன் பிறகு வரும் கோடைகாலம் முழுவதும் மாலக்கி மனைவியின் சொத்து. அட்ராக்டா சொல்கிற இடத்தில் குழி தோண்டுவான், சொல்கிற இடத்தில் ஆணி அடிப்பான்.

பிறகுதான் பெரிய கோப்பைக்கு எட்டாத மாவட்டங்களுக்கென்று டால்ச்சன் கோப்பை வந்தது. நாலு அணிகளுக்கு ஒரு குழு. குழுவில் மூன்று அணிகளாவது பெரும்பாலும் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். இதிலிருந்து வெளியேறவே தனித் திறமை வேண்டும். லீட்ரிமிடம் அந்தத் திறமை இருந்தது. என்றாலும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உறுதி. ‘மூன்று ஞாயிறு வேலை இல்லை’ என்பதுதான் மாலக்கிக்கு அதிலிருந்து கிடைத்த செய்தி.

அதற்கும் மேலே அவனுக்கு ஒரு ஆசை இருந்தது. வயது ஐம்பத்தொன்று. டப்ளினில் க்ரோக் பார்க் மைதானத்தில், இறுதி ஆட்டத்தன்று, பச்சையும் பொன்னிறமுமாக நம்ம பையன்கள் ஓடி வருவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவன் அப்பா பார்க்கவில்லை. அப்பாவின் அப்பா அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

“இந்த வருஷம் ஒரு ஆட்டத்தையும் விடமாட்டேன், அட்ராக்டா. எல்லாத்துக்கும் போறேன்” என்று காலைச் சாப்பாட்டு மேசையில் பிரகடனம் செய்தான்.

“போ.”

“ஞாயித்துக்கிழமை வாட்டர்ஃபோர்ட்ல. நாலு மணி நேரம் வண்டி ஓட்டணும்.”

“போ. ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் வெயிலாம். சதுப்புல அடுப்பெரிக்க வெட்டிப் போட்ட மண்கட்டியெல்லாம் ஈரமாவே கெடக்கு. நான் ஒருத்தியே போய் நிறுத்தி வெச்சுட்டு வரேன். முதுகு போனாப் போகுது. நீ குளிர்காலத்துல கோப்பையை எரிச்சுக் குளிர் காஞ்சுக்கோ.”

அட்ராக்டா ஒரு காலத்தில் மாவட்டப் பெண்கள் அணியின் கடைசித் தடுப்பாட்டக்காரி. அவளைத் தாண்டிப் பந்து போயிருக்கிறது, ஆள் போனதில்லை. மாலக்கியும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சதுப்பில் குனிந்து, கறுத்த மண்கட்டிகளை நாலு நாலாகச் சாய்த்துக் காய வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வானொலி. வருஷம் முழுக்க அடுப்பில் எரியப்போகிற அத்தனை கட்டிக்கும் ஒரு கும்பிடு போட்டு முடித்தபோது லீட்ரிம் ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது. அறிவிப்பாளரே நம்பாமல் எண்ணிக்கையை இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த ஆட்டம் சொந்த மண்ணில், வெஸ்ட்மீத்தோடு. இந்த முறை அட்ராக்டா எந்த வேலையும் சொல்லவில்லை.

“நீ போயிட்டு வா. ஆசைப்படுற. நானே ஹாம் சாண்ட்விச் கட்டித் தரேன்.”

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அவள் கட்டித் தந்த முதல் சாண்ட்விச் அது. மாலக்கி அதைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டான்.

லீட்ரிம் பதினோரு புள்ளியில் தோற்றது. எதிராளிக்கு மூன்று கோல், கோலுக்கு மூன்று புள்ளி. மூன்றாவது கோலைப் போட்டது லீட்ரிமின் சொந்தத் தடுப்பாட்டக்காரனே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்டை வீட்டு ஃபீலிம் ஷான்லி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெல்லத் திரும்பினான்.

“மாலக்கி.”

“என்னடா?”

“போன ஆட்டத்தப்ப நீ எங்க இருந்த?”

“சதுப்புல.”

“ம்” என்றான் ஃபீலிம்.

அவ்வளவுதான். ஆனால் அந்த ‘ம்’ வரிசை வரிசையாக மேலே ஏறிப் போவதை மாலக்கி தன் காதால் கேட்டான். வாயில் கதவுக்குப் போவதற்குள் டிக்கெட் கிழிப்பவன்கூட அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

வீட்டில் அட்ராக்டா பெருமூச்சு விட்டாள்.

“அப்பா சொன்னது சரியாத்தான் போச்சு.”

“என்ன சொன்னாரு?”

“அன்னிக்கு விருந்துல. ‘ஆடுறது பதினஞ்சு பேருதான். ஆனா நம்ம மாவட்டம் ஜெயிக்கிறதும் தோக்கிறதும், வீட்டுல இருக்கிறவன் கையிலதான் இருக்கு’ன்னு.”

“அப்படியா சொன்னாரு?”

“நீ ஆப்பிள் பை வாங்கப் போயிட்ட.”

உண்மையிலேயே போயிருந்தானே.

மூன்றாவது ஆட்டம் விக்லோவோடு. மாலக்கி ஏணியில் நின்று, கூரை விளிம்புத் தகரத்தில் ஆறு வருஷமாக அடைத்திருந்த பாசியைக் கையால் அள்ளிப் போட்டான். ஒரு பறவைக்கூடும் ஒரு டென்னிஸ் பந்தும் கிடைத்தன. லீட்ரிம் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்து, குழுவில் முதலாவதாக வந்தது.

அதற்குப் பிறகு அது ஒரு குடும்ப விஷயமாக இல்லாமல் போயிற்று. கடைக்குப் போனால் கல்லாவில் இருக்கிற அம்மாள், “சனிக்கிழமை என்ன வேலை வெச்சிருக்க?” என்று கேட்டாள். பூசை முடிந்து வெளியே வந்தால் பாதிரியார் தோளைத் தொட்டு, “பெரிய வேலையா ஏதாவது எடுத்துக்கப்பா, இது கால் இறுதி” என்றார்.

பெரிய வேலையை அட்ராக்டா எடுத்து வைத்திருந்தாள். சின்ன அறைக்குச் சுவர்த்தாள் ஒட்டுவது. அவள் ஃபீலிமோடு ஆட்டத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

“ரேடியோ கேக்கலாம். கை மட்டும் நிக்கக் கூடாது. அப்பா அதையும் சொன்னாரு.”

“அதையுமா?”

“பை ரொம்ப நல்லா இருந்துச்சோ?”

சாயங்காலம் அவர்கள் திரும்பியபோது லீட்ரிம் ஜெயித்திருந்தது. ஆனால் இரண்டு பேரின் முகமும் சரியில்லை.

“நாப்பத்திரெண்டாவது நிமிஷம் நீ என்ன பண்ணிட்டிருந்த?” என்றாள் அட்ராக்டா, கோட்டைக்கூடக் கழற்றாமல்.

மாலக்கி யோசித்தான். “பாத்ரூம் போனேன்.”

“பெனால்டி!” என்று ஃபீலிம் தொப்பியால் தொடையில் அடித்தான். “சரியா அப்பத்தான் எதிராளிக்குப் பெனால்டி குடுத்தாங்க! அட பாவி, எழுபது நிமிஷம் அடக்கிக்க முடியாதா உன்னால?”

“நான் டீ ரெண்டு கப் குடிச்சிருந்தேன்டா.”

“மாவட்டத்துக்காக ஒரு கப்பைக் குறைக்கக் கூடாதா?”

அரை இறுதி ஆட்டம் க்ரோக் பார்க்கிலேயே. ஊரே பஸ் வைத்துக்கொண்டு போயிற்று. மாலக்கி காலையிலிருந்து எதையும் குடிக்காமல், கோழிக் கொட்டகையைச் சுரண்டிக் கழுவி வெள்ளையடித்தான். முட்டை போட வந்த கோழி ஒன்று அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. லீட்ரிம் இறுதிக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு மாலக்கி ஒரு முடிவெடுத்தான். போதும். டிக்கெட் ஒன்று வாங்கினான். நல்ல இடம், நடுக்கோட்டுக்கு நேர் மேலே. மேசையின் மேல் உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தான்.

“இறுதி ஆட்டத்துக்கு நான் போறேன். தோத்தாலும் சரி. என் ஆயுசுல இது ஒரு தடவைதான்.”

அட்ராக்டா சண்டை போடவில்லை. அவனுடைய பச்சைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். அவள் சண்டை போட்டால் சமாளிக்கலாம். இஸ்திரி போட்டால் முடியாது.

“போ, மாலக்கி. நான் தடுக்கமாட்டேன்.”

“நிஜமாவா?”

“மாவட்டத்துல முப்பத்தஞ்சாயிரம் பேரு. எல்லாரும் உன்னை மன்னிச்சிருவாங்க.” காலரைத் திருப்பிப் போட்டாள். “நாளாகும். ஆனா மன்னிச்சிருவாங்க. நம்ம கோல்கீப்பர் பையன்தான் பாவம், பத்தொம்பது வயசு. அவன் அம்மா மெழுகுவத்தி ஏத்தினபடியே இருக்கா.”

சமையலறைக் கதவில் தட்டும் சத்தம். ஃபீலிம், தொப்பி கையில். பின்னால் கல்லா அம்மாள். அவளுக்கும் பின்னால் பாதிரியார், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் போல.

“நாங்க எதுவும் சொல்ல வரல” என்றான் ஃபீலிம். “சும்மா பாத்துட்டுப் போக வந்தோம்.”

மாலக்கி டிக்கெட்டை எடுத்து மனைவியிடம் நீட்டினான்.

“வீணாக்க வேண்டாம்” என்று அவள் அதை வாங்கிக் கைப்பையில் வைத்தாள். “அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். அவங்க வீடு சும்மாத்தான் இருக்கும். பக்கச் சுவருக்கு வெள்ளையடிச்சுடேன்.”

ஆக, ஜூலை மாதத்து அந்தச் சனிக்கிழமை, மாலக்கியின் டிக்கெட்டில், நடுக்கோட்டுக்கு நேர் மேலே, எண்பத்திரண்டு வயது மாமியார் பச்சைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். மாலக்கி அவள் வீட்டுச் சுவரோரம் இருபதடி ஏணியில் நின்றிருந்தான். ஜன்னல் விளிம்பில் வானொலி. எதிரே ஃபெர்மானா. இடைவேளையில் லீட்ரிம் மூன்று புள்ளி முன்னால். இடைவேளையிலும் அவன் கையை நிறுத்தவில்லை. அந்த நேரம் கணக்கில் வருமா வராதா என்று யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் பாதியில், பிரஷிலிருந்து ஒரு சொட்டு நேராகக் கண்ணில் விழுந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தட்டுத் தடுமாறி இறங்கி, துணி தேடி மாமியாரின் சமையலறைக்குள் போனான். குழாயில் கண்ணைக் கழுவினான். துடைத்தான். நிமிர்ந்தான். நேர் எதிரே குளிர்பெட்டிக் கதவில், காந்தத்துக்கு அடியில் ஒரு தாள். அட்ராக்டாவின் கையெழுத்து. மேலே தேதி: மே இரண்டு. முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால்.

‘அம்மா, உனக்கு ஒரு நகல்.
வாட்டர்ஃபோர்ட்: சதுப்பு. ஜெயிப்போம்.
வெஸ்ட்மீத்: இவன் போகட்டும். நிச்சயம் தோற்போம், நம்மிடம் உயரமான ஆளே இல்லை. சாண்ட்விச் கட்ட மறக்கக் கூடாது.
விக்லோ: கூரைத் தகரம்.
கால் இறுதி: சின்ன அறை.
அரை இறுதி: கோழிக் கொட்டகை.
இறுதி: போனால், உன் சுவர்.
ஃபீலிமுக்கு: ஒரு டிரெய்லர் நிறையச் சதுப்புக் கட்டி. ஒரே ஒரு ‘ம்’ போதும் என்று சொல்லியாயிற்று.’

மாலக்கி நாற்காலியில் உட்கார்ந்தான். கெட்டிலைப் போட்டான். தலையைத் தூக்கினால் இயேசுவின் திருஇருதயப் படம். அதற்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டிய பத்திரிகைத் துண்டு, மாமனாரின் புகைப்படத்தோடு. பத்து வருஷமாக அதன் கீழே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். ஒருநாளும் படித்ததில்லை. இப்போது எழுந்து போய்ப் படித்தான்.

‘ஆடுறது பதினஞ்சு பேருதான். ஆனா நம்ம மாவட்டம் ஜெயிக்கிறதும் தோக்கிறதும் நாமதான்னு நினைச்சு எல்லாரும் அலட்டிக்கிறோம். நாம என்ன செஞ்சாலும் பந்துக்குத் தெரியாது. அதனால உக்காருங்க, பை ஆறுது.’

டீயை ஊற்றினான். பால் விட்டான். இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இனி இந்த ஜென்மத்தில் பிரஷைத் தொடுவதில்லை. ஃபீலிமின் டிரெய்லரை அவன் தலையிலேயே கவிழ்ப்பது. அவர்கள் வந்ததும் இரண்டு தாளையும் மேசையில் விரித்து வைத்து, ஒரு வார்த்தை பேசாமல், வெறுமனே பார்ப்பது.

வெளியே வானொலி கத்தியது. ஃபெர்மானாவுக்குக் கோல்.

“தற்செயல்” என்றான் மாலக்கி, மாமனாரின் படத்தைப் பார்த்து.

ஃபெர்மானாவுக்கு ஒரு புள்ளி. இன்னும் ஒன்று. அந்தப் பத்தொன்பது வயதுக் கோல்கீப்பர் பந்தை எடுத்து நேராக எதிராளியின் கையில் கொடுத்தான். இன்னும் ஒன்று. மூன்று புள்ளி பின்னால். ஆறு நிமிஷம் பாக்கி.

மாலக்கி ஒரு மிடறு குடித்தான். பந்துக்குத் தெரியாது. எழுதியே இருக்கிறது. மாமனாரே சொல்லியிருக்கிறார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அட்ராக்டா.

‘கை நின்னுடுச்சா?’

மாலக்கி கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, வெளியே போய் ஏணியில் ஏறினான்.