டாலரில் மாடி கட்டியவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. சம்பளம் வாங்குவது சொந்த நாட்டுப் பணத்தில், உப்பு வாங்குவதும் முடி வெட்டிக்கொள்வதும் அதே பணத்தில். ஆனால் கௌரவமாக ஏதாவது பேச வேண்டுமென்றால் வாயில் டாலர்தான் வரும். உங்கள் சொந்தத்திலும் ஒருவர் இருப்பார். என் சொந்தத்தில் இருப்பவர், சித்தப்பாவின் மூன்று பெண்களில் நடுப் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை. தக்காளி விலை கேட்டாலும் கண்ணை மூடி, மனசுக்குள் டாலராக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையை விரிப்பார்.

இவர் மாடி கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். கடன் பிரிவு அம்மாள் இரண்டு ஒப்பந்தங்களைக் காட்டினார். ஒன்று நம் பணத்தில், வட்டி கொஞ்சம் கூட. மற்றது டாலரில், வட்டி குறைவு.

"சார், சம்பளம் நம்ம பணத்துலதானே வருது? கடனும் அதுலயே இருக்கட்டுமே."

"நம்ம பணத்துல கடன் வாங்கினேன்னு வெளிய சொல்ல முடியுமாம்மா?"

கடனில் என்ன பெருமை என்கிறீர்களா? அதை அந்த இனத்திடம் கேளுங்கள். வீட்டை அடமானம் வைத்து டாலரில் எழுதியாயிற்று. கூடக் கையெழுத்துப் போட்ட என் தங்கை கேட்டது ஒரே கேள்வி.

"டாலர் ஏறிட்டா?"

"ஏறினா நமக்குத்தான்டி மதிப்பு!"

ஏறியது. மாடிச் சுவரின் பூச்சு காய்வதற்குள் ஏறியது. அதே டாலர் தவணையைக் கட்ட, மாதாமாதம் நம் பணம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருந்தது. அன்றைக்குப் பிறந்தார் ஐயா ஒரு தேசபக்தர்! மகள் வாயருகே கொண்டுபோன வெளிநாட்டு சாக்லேட்டைப் பிடுங்கிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தார். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரரின் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, உள்ளூரில் பார்க்காத இடம் எவ்வளவு இருக்கிறது என்று விமானம் போகும்வரை விளக்கினார். கடைசியில் பணம் மாற்றும் கடைக்கே போய், வரிசைக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, டாலர் வாங்க நின்றவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கொஞ்சமா வாங்குங்கம்மா. நீங்க வாங்க வாங்க அது ஏறுது. என் வீடு போயிடும்!"

"எங்க பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். உங்க வீட்டுக்கு நான் என்ன பண்ண?"

காவலாளி அவரை உட்கார்ந்த நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்தார்.

தவணை நின்றுபோயிற்று. கடன் பிரிவு அம்மாள் கணவன் மனைவி இருவரையும் வரச்சொன்னார்.

"மீதிக் கடனை இன்னைக்கு விலைக்கு நம்ம பணமா மாத்தி, வருஷத்தை நீட்டித் தர்றேன். வேணாம்னா வீடு ஏலத்துக்குப் போகும்."

"நாலு நாள் பொறுங்கம்மா," என்றார் மாப்பிள்ளை. "நம்ம பணம் எழுந்திரும்."

"அது எழுந்திரிக்கிற வரைக்கும் நாம எங்க படுக்கிறது?" என்றாள் என் தங்கை. முதலில் தான் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அவர் விரலிடுக்கில் செருகினாள். வீடு தப்பியது.

அன்று சாயங்காலமே, கடனை மாற்றியது தன் சொந்த யோசனை என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுவாரம் நம் பணம் துள்ளி எழுந்தது. பொறுத்திருந்தால் லாபம் என்று தெருவே சிரித்தது. என்னிடம் ஓடிவந்தார்.

"இந்தப் பணத்துக்கு மானம் இருக்கா மச்சான்? நான் டாலர்ல இருந்தவரைக்கும் படுத்துக் கிடந்துச்சு. இப்ப ஆடுது பாருங்க. விழணும். நல்லா விழணும்!"

"விழுந்தா எண்ணெய் விலை ஏறும் மாப்பிள்ளை."

"ஏறட்டுமே! நான் பண்ணது சரின்னு ஆகணும்ல?"

ஒரு கையெழுத்து சரியாவதற்கு ஒரு நாடே தாளிக்க எண்ணெய் இல்லாமல் உட்கார வேண்டுமாம்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். செய்தியில் டாலர் விலை வந்ததும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டுபவர் உங்கள் வீட்டில் யார்? அதை மட்டும் வீட்டாரிடம் கேட்டுவிடாதீர்கள். எல்லாரும் உங்களையே பார்ப்பார்கள்.