ராகு காலத்தில் பிள்ளை கைமாறக் கூடாது

கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவரை உங்களுக்குத் தெரியும். கருமாதிக்கு நாள் குறிக்கிறவரையும் தெரியும். புருஷனும் பெண்சாதியும் கோர்ட்டில் பிரிந்த பிறகு பிள்ளைக்கு நாள் பிரிக்க வருகிறாரே ஒருவர், அவரைக் கவனித்திருக்கிறீர்களா? முன்னே இந்த இனம் கண்டியில் கிடையாது. அப்போதெல்லாம் யாரும் பிரிவதில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு இருபது வருஷம் பேசாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். இப்போது சொந்தத்துக்கு ஒருவர் முளைத்திருக்கிறார். யாரும் கூப்பிட மாட்டார்கள். வந்துவிடுவார்.

நமக்குத் தெரிந்தவர் சேதுராமன். பாலாம்பிகைக்குத் தாய்மாமன். அவள் புருஷனாக இருந்த தனபாலனுக்கும் அந்நியமில்லை: தனபாலனின் சின்னம்மாவைக் கட்டியவர் அழகமுத்து, அந்த அழகமுத்து சேதுராமனின் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். ஆக, இரண்டு பக்கமும் தலையை நுழைக்க அவருக்கு உரிமை இருந்தது. மாநகர சபையில் முப்பத்தொரு வருஷம் காவலாளிகளுக்கு வேலைமுறைப் பட்டியல் எழுதி ஓய்ந்தவர் ஆகையால் நேரமும் இருந்தது, கையும் அரித்தது.

பதினொரு வயது மகள் யசோதா குண்டசாலையில் தாயோடு இருக்கட்டும், தெல்தோட்டையில் தகப்பனோடு இருக்கும் நாட்களைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று நீதிபதி சொல்லிவிட்டார். பேசுவதா? பேசத் தெரிந்திருந்தால் கோர்ட்டுக்கு ஏன் போகிறார்கள்? சேதுராமன் நாலடி நீளக் கடதாசியை மேசையில் விரித்தார். தாய்க்குப் பச்சை, தகப்பனுக்குச் சிவப்பு. பொங்கல் பானை பொங்கும்வரை பச்சை, பொங்கியதும் சிவப்பு. பௌர்ணமிக்கு விடுமுறை விடும் போயா நாள்களில் ஒன்று விட்டு ஒன்று. தீபாவளிக்குத்தான் அவர் அறிவு முழுசாக வேலை செய்தது: பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது குண்டசாலையில், தலைக்கு வார்ப்பது தெல்தோட்டையில். நடுவில் இரண்டு பஸ். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை தாயிடம் திரும்புவது குளிகையில். குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள், வாராவாரம் நடக்க வேண்டிய காரியத்துக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைவரை ராகு காலம். அதற்குள் வாசல் தாண்டக்கூட ஆகாது என்பதால், ஒன்பதுக்கு முன்பே வீட்டை விட்டு இறங்கி, அந்த நேரம் முடியும்வரை கோயிலுக்குக் கிட்டத்தில் காத்திருந்துவிட்டு, பத்தே முக்காலுக்குக் கோயில் வாசலில் பிள்ளை கைமாற வேண்டும்.

எல்லாம் எழுதினார். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காவலாளியிடம் கேட்டா வேலைமுறை போட்டார்?

யசோதா பள்ளிக்கூடத்து வலைப்பந்து அணியில் சேர ஆசைப்பட்டிருந்தாள். பயிற்சி டவுனில், சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைவரை. இரண்டு சனி பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே அவரிடம் வந்தாள்.

"தாத்தா, ராகு காலம் முடியிறப்பதான் பிராக்டிஸும் முடியுது."

"டீச்சர்கிட்ட நேரத்த மாத்தச் சொல்லும்மா."

"மூணு தரம் வராட்டி பேர வெட்டிருவாங்க."

"இப்ப எத்தன தரம் ஆச்சு?"

"ரெண்டு."

"அப்ப இன்னும் ஒண்ணு கையில இருக்கே" என்றார், லீவு கணக்கிலேயே ஊறிய மனிதர்.

பிள்ளை திரும்பிப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் தாயின் போனை எடுத்துத் தகப்பனை அழைத்து, நாளைக்குப் போகாவிட்டால் தன் பெயர் போய்விடும் என்று சொல்லி அழுதாள். தனபாலன் போனைத் தாயிடம் கொடுக்கச் சொன்னான். எட்டரைக்கு கிரவுண்டுக்குக் கூட்டி வா என்றான். சரி என்றாள் பாலாம்பிகை. நாலு வருஷத்தில் வக்கீல் இல்லாமல் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

சேதுராமனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் பட்டியலின் இரண்டு பிரதியோடு, இருவரிடமும் கையெழுத்து வாங்கக் கோயில் வாசலில் நின்றார். பத்தே முக்கால். பதினொன்று. ஒருவரையும் காணோம். விசாரித்து, திரீவீலர் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து கிரவுண்டுக்கு வந்தார். அன்றைக்கு அணிக்கு ஆள் பொறுக்குகிறார்களாம்; பயிற்சி முடிந்து ஆட்டமே நடந்துகொண்டிருந்தது. படிக்கட்டின் அந்தக் கோடியில் தகப்பன், இந்தக் கோடியில் தாய். நடுவில் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல்.

யசோதா எறிந்த பந்து வளையத்தைச் சுற்றிச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. இரு கோடியிலும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள். டீச்சர் ஏதோ பெயர் எழுதிக்கொண்டாள்.

சேதுராமன் மணிக்கூட்டைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"தனபாலா, பத்தே முக்காலோட ஒன் நேரம் தொடங்கிருச்சு. ஆனா பிள்ள இன்னும் கைமாறல. அப்ப இந்தப் பந்து யாரு நேரத்தில விழுந்தது?"

தனபாலன் திரும்பவேயில்லை. பாலாம்பிகைதான் சொன்னாள்:

"கொஞ்சம் ஒக்காருங்க மாமா, மறைக்குது."

உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு, படிக்கட்டில் இரண்டு பேருக்கும் நடுவே எத்தனை அடி விட வேண்டும் என்று பட்டியலின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். பிள்ளை அடுத்த பந்தைப் போட்டதை அவர் பார்க்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் சொந்தத்திலும் பிரிந்த குடும்பம் ஒன்று இருக்கத்தான் இருக்கும். வருகிற சனிக்கிழமை அந்தப் பிள்ளை யார் வீட்டில் என்று கேட்டால், மூச்சு விடாமல் சொல்லிவிடுவீர்கள். எந்த பஸ், யார் கூட்டிப் போவது, எல்லாம் சொல்வீர்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை என்ன செய்ய ஆசைப்படுகிறது என்று கேட்கிறேன்.

என்ன, பேச்சைக் காணோம்?