ஓட்டை போட்ட பெட்டி

டிரைவர் இருக்கைக்கு மேலே, சாமான் தட்டில் இருந்த செருப்புப் பெட்டி "கீச்" என்றது.

பஸ்ஸுக்குள் தலை எண்ணிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பு டீச்சர் அப்படியே நின்றுவிட்டாள். முப்பத்தோரு பிள்ளைகளும் சரியாக இருந்தார்கள். அதற்கு மேல் எதுவும் கத்தக் கூடாது.

பெட்டியை இறக்கித் திறந்தாள். பஞ்சு மெத்தையில், பிஸ்கட் தூளுக்கு நடுவே, ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு உட்கார்ந்து அவளையே பார்த்தது.

அன்று காலை முழுக்க பஸ் நின்ற அந்தக் கோழிப் பண்ணையைத்தான் சுற்றிக் காட்டியிருந்தாள். ஐந்தைந்து பேராகப் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போய், ஐயாயிரம் மஞ்சள் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

"யார் பெட்டி இது?"

முப்பத்தோரு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"இப்ப சொன்னா மன்னிச்சிடுவேன். அப்புறம் தெரிஞ்சா டி.சி.தான்."

இப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? மன்னிப்பும் டி.சி.யும் ஒரே மூச்சில் வந்தால், பிள்ளைகள் காதில் டி.சி. மட்டும்தான் விழும்.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். காம்பஸ் முனையால் வரிசையாக ஓட்டை குத்தியிருந்தது. ஓட்டை போட்டு, மெத்தை விரித்து, தீனியும் வைத்து, திட்டம் போட்டுத் திருடியிருக்கிறார்கள். எட்டு வயதில். தான் எதைச் சொல்லிக்கொடுத்தோம் என்று நினைத்து டீச்சர் பயந்துபோனாள்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கான கடிதம் தலைமை ஆசிரியையின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. புறப்படும்போது அந்த அம்மாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பண்ணையிலேருந்து எனக்குப் புகார்னு ஒரு போன் வந்துச்சுன்னா, அந்த லெட்டரைக் கிழிச்சிடுவேன்."

டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பிள்ளைகளைக் கூட வந்திருந்த பள்ளி ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு, குஞ்சைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு டீச்சர் இறங்கினாள். யாருக்கும் தெரியாமல் உள்ளே விட்டுவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

கொட்டகை வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"என்ன டீச்சர், எதையாவது மறந்துட்டீங்களா?"

"மோதிரம். உள்ள எங்கயோ விழுந்துடுச்சு."

வாயில் அதுதான் வந்தது. மோதிரமோ விரலில் பளபளத்துக்கொண்டிருந்தது. சட்டென்று கையைக் கைப்பைக்குள் நுழைத்தாள். உள்ளே இருந்த குஞ்சு அந்த விரலையே பார்த்துக் கொத்தியது.

"மோதிரமா?" சூப்பர்வைசரின் முகம் இருண்டது. "என் கொட்டகையில ஒரு பொருள் தொலைஞ்சுதுன்னு பேரு வரக் கூடாது டீச்சர்."

விசிலை எடுத்து ஊதினார். ஆறு ஆட்கள் ஓடி வந்தார்கள்.

டீச்சருக்கு மறுபடியும் வெள்ளைக் கோட்டு, தொப்பி. "பை உள்ள வரக் கூடாது, இங்கயே வெச்சிடுங்க" என்றார் சூப்பர்வைசர். அவர் பூட்ஸ் எடுக்கத் திரும்பிய நொடியில் குஞ்சு கோட்டுப் பைக்கு இடம் மாறியது; மோதிரக் கையும் கூடவே உள்ளே போனது. எல்லோரும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஆறு பேரும் மண்டியிட்டு, தரையில் பரப்பியிருந்த உமியைக் கைகளால் அலசினார்கள். டீச்சர் ஒரு மூலைக்குப் போய்க் குனிந்து கோட்டுப் பையைத் திறந்தாள். குஞ்சு குதித்து ஓடி, கூட்டத்தில் கலந்து, கண் இமைப்பதற்குள் காணாமல் போனது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு வெளியே வருவதற்குள் சூப்பர்வைசர் பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்தார்.

"கிடைக்கல டீச்சர். மறைக்கறது என் வழக்கம் இல்ல. உங்க ஸ்கூலுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

டீச்சர் சட்டென்று குனிந்தாள். உமிக்குள் கையை விட்டாள், விரலிலிருந்து மோதிரத்தைப் பிடுங்கினாள், உயரத் தூக்கினாள்.

"கிடைச்சிடுச்சு, கிடைச்சிடுச்சு."

"அங்க நான் மூணு தடவை தேடினேனே" என்றார் ஒரு ஆள்.

"உன் கண்ணு லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்றார் சூப்பர்வைசர்.

வெளியே வந்ததும், பாரம் இறங்கிய தெம்பில், பேச்சுக்காக ஒரு கேள்வி கேட்டாள். "எதுக்கு சார் இவ்வளவு கெடுபிடி? பூட்ஸ், கோட்டு, மருந்துத் தண்ணி..."

"வெளிக்கோழி வாசம்கூட இங்க வரக் கூடாது டீச்சர். போன வருஷம் எங்கிருந்தோ ஒரே ஒரு கோழி நுழைஞ்சுடுச்சு. அதுகிட்ட என்ன நோய் இருந்துச்சோ. நாலே நாள்ல கொட்டகை மொத்தமும் குழிக்குள்ள போச்சு. நான்தான் மண்ணு தள்ளினேன்." அவர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். "இந்தத் தடவை இதுவரைக்கும் நல்லா இருக்குதுங்க."

டீச்சருக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. காலையில் இவரைச் சிடுமூஞ்சி என்று மனதுக்குள் திட்டியதற்கு வெட்கப்பட்டாள். நல்லவேளை, இவர் குஞ்சை இவரிடமே சேர்த்துவிட்டோம் என்று நினைத்தபோது கண்கூடக் கலங்கியது.

பஸ் கிளம்பியது. கேட்டில் நின்று சூப்பர்வைசர் கையசைத்தார். டீச்சரும் சந்தோஷமாகக் கையசைத்துவிட்டு, முன் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், மேல சத்தத்தையே காணோம்? காலைல ஸ்கூல் வாசல்ல கிளம்பினதுலேருந்து அந்தக் குஞ்சு கத்திக்கிட்டேதானே வந்துச்சு."