முசுறரின் மாமரத்தில் இரண்டு கட்சி

ஒட்டுசுட்டானில் மனிசரோடு கதைத்ததைவிடப் பூச்சிகளோடு அதிகம் கதைத்தவர் முசுறர்தான். அவருடைய சொந்தப் பேர் தபால்காரருக்கே மறந்துபோயிருந்தது. வேலை மாறி வந்து அவர் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்த எனக்கு, முதல் நாளே முற்றத்து மாமரத்தைக் காட்டினார். ஒரு கொப்பில் கொம்புத்தேனீ கட்டின சின்னத் தேன்வதை. எதிர்க் கொப்பில், இலைகளைச் சேர்த்துத் தைத்து முசுறு என்கிற சிவத்த எறும்பு கட்டின கூடு.

"தம்பி, நீர் எந்தக் கட்சி?"

"தேனீதான் ஐயா. தேன் தருது."

அடுத்த நாள் தேத்தண்ணி சீனி இல்லாமல் வந்தது.

"தேனீயை நம்பேலாது தம்பி. கொஞ்சம் புகை பட்டாப் போதும், வீடு வாசலை விட்டிட்டுப் பறந்திடும். முசுறு அப்பிடியே? கூட்டைத் தொட்டுப்பாரும். செத்தாலும், சண்டைக்கு ஓடின எங்களைப்போல இடம்பெயராது."

மனைவி காலமாகி, ஒரே மகளும் கனடா போன பிறகு அவருக்குப் பேப்பர், ரேடியோ, கோயில் எல்லாம் இந்த ஒப்பீடுதான். மகள் வீடியோவில், "அப்பா, இஞ்ச வாங்கோவன்" என்று அழுதால், போனை மரத்துப் பக்கம் திருப்பிவிடுவார்.

"பிள்ளை, இவையளை ஆர் பாக்கிறது?"

தேனீக்கள் எறும்பு வராமல் கொப்பைச் சுற்றிப் பிசின் பூசியிருந்ததை ஒருநாள் காட்டினேன். கெட்டித்தனம் என்று ஒப்புக்கொள்வார் என நினைத்தேன். "வேலிச்சண்டைக்காரர்!" என்றுவிட்டுப் போனார்.

ஒரு விடியக்காலை யானை ஒன்று வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து அந்த மாமரத்தில் முதுகைத் தேய்த்தது. நாங்கள் ஜன்னலால் பார்த்தபடி நின்றோம். மரம் ஆடின ஆட்டத்தில் முசுறு மழையாய்க் கொட்ட, யானை காதை அடித்துக்கொண்டு காட்டுப்பக்கம் ஓடியது. முசுறர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் குதித்தார்.

"பாத்தீரே, என்ர படையை!"

படை அவரையும் கடித்தது. அதிலும் அவருக்குச் சந்தோசம்தான்.

மத்தியானத்துக்குள் தேனீக்கள் கூட்டமாய் எழும்பிப் போய்விட்டன. "சொன்னனான்தானே!" என்று சைக்கிளில் போய் ஊரெல்லாம் அறிவித்துவிட்டு வந்தார்.

ஆனால் அடுத்தநாள் காலை, மரத்தடியில் கதிரையைப் போட்டு வெறும் வதையைப் பார்த்தபடி இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"ஐயா, உங்கடை ஆக்கள் புதுக்கூடு தைக்கினம். பாக்கேல்லையே?"

"அவை இருப்பினம் தம்பி. போனவையின்ர வழியைத்தானே பாக்க வேணும்."

நான் கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு, குசினிக்குள் கிடந்த இன்னொரு கதிரையைத் தூக்கிவந்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தேன்.