பெந்தீர் மேல் ஏறிய ரொட்டி

ஐத் ஊமிரா கிராமம்,
மத்திய அட்லஸ் மலை.
ஆகஸ்ட் 21

‘மலைமுகடு’ வார இதழின் பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, இவ்வூர்ப் பள்ளியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் உஸ்தாதாகப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவனும், எங்கள் நாட்டுக்கலைத் திருவிழாச் சங்கத்தின் செயலாளனுமாகிய பஸ்ஸூ அம்ரானி ஸலாம் கூறி எழுதுவது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அச்சு எந்திரமும், மழையோ வெயிலோ பாராமல் சந்தை நாள்தோறும் இதழை எங்கள் மலைக்குக் கொண்டு வரும் அந்தப் பேருந்து ஓட்டுநரும் நலமாக இருக்க இறைவன் அருள்வானாக.

சென்ற இதழின் நான்காம் பக்கத்தில் எங்கள் திருவிழாவைப் பற்றித் தங்கள் நிருபர் எழுதியதை மூன்று முறை வாசித்தேன். மூன்றாவது முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். எங்கள் ஊர் பத்திரிகையில் வருவது இது இரண்டாம் தடவை; முதல் தடவை, பாலம் உடைந்தபோது. இப்போது நான்கு பத்தி அகலத்துக்குப் புகைப்படமும் வந்திருக்கிறது. தேநீர்க் கடையில் அதைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். படத்தின் இடது ஓரத்தில், கூடாரக் கம்புக்குப் பின்னால், ஒரு காதும் கையில் ஒரு தாளும் தெரிகின்றன. அது நான்தான். இவ்வளவு பெருமையைத் தந்த கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் ஒரு வாரமாக என்னைத் தூங்க விடவில்லை. “பெந்தீர்ப் பறையை அடிப்பதற்கு முன் அதன் மேல் சுடச்சுட ரொட்டியை ஏற்றி ஊர்வலமாக வருவது ஐத் ஊமிரா மக்களின் பல நூற்றாண்டு வழக்கம்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அந்த வழக்கத்துக்கு இன்று வயது பன்னிரண்டு நாள். நிருபர் மேல் பிழையில்லை. பிழை என்னுடையது. எங்கே தொடங்கியது என்று நானே இன்னும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதால், நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

திருவிழாவுக்கு நான் இருபத்தோரு விதிகள் எழுதியிருந்தேன். ஏழாவது விதி, மைதானத்திலோ அதைச் சுற்றியோ யாரும் நெருப்பு மூட்டக்கூடாது என்பது. போன ஆண்டு மேளக்காரர்கள் பெந்தீர் காய்ச்ச மூட்டிய நெருப்பில் விருந்தினர் கூடாரத்தின் ஓரம் கருகிப் போயிற்று; பக்கத்திலேயே போரடிக்கும் களமும் வைக்கோற் போரும் இருக்கின்றன. ஆட்டுத்தோல் போர்த்திய பெந்தீரை அனலில் காட்டினால்தான் தோல் இறுகும், தோல் இறுகினால்தான் ஓசை வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பன்னிரண்டு ஆண்டு வானிலைக் குறிப்புகளை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ஒரு முறைகூட மழை பெய்ததில்லை, ஆகவே வெயிலே போதும் என்று கணக்கிட்டேன். விதிகளை ஐந்து இடங்களில் ஒட்டினேன். எங்கள் அஹிதூஸ் ஆட்டக் குழுவின் தலைவர் மிமூன் அதை விரல் வைத்துப் படித்துவிட்டு, “உஸ்தாத், நெருப்பு கூடாதுன்னா பெந்தீரை எதுல காய்ச்சறது? உங்க கையெழுத்துலயா?” என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கேள்விக்கு அப்போதே பதில் எழுதியிருக்க வேண்டும்.

இந்த ஆண்டு எதற்கு இத்தனை விதிகள் என்று தாங்கள் கேட்கலாம். மாகாணப் பண்பாட்டு அலுவலகத்திலிருந்து பெண் அதிகாரி லல்லா ஸுமைய்யா வருவதாக இருந்தது. இனி ஐந்து ஆண்டுகளுக்குத் திருவிழா ஒரே ஊரில்தான் நடக்கும். அது எங்கள் ஊரா, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஐத் ஸவ்கா ஊரா என்பதை அவர் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். ஐத் ஸவ்காவில் கல் மேடை இருக்கிறது. நான்கு ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. எங்களிடம் இருப்பது எங்கள் அஹிதூஸ் ஒன்றுதான். தோளோடு தோள் ஒட்டி ஆணும் பெண்ணும் எதிரெதிரே இரு சுவர்களாக நின்று, இருபத்துநான்கு பெந்தீர்கள் ஒரே கையால் அடித்தது போல முழங்கும்போது, கல் மேடை எதற்கு என்று தோன்றும். எங்கள் ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. எழுபத்தோரு வயதுவரை நான் அந்த வரிசையில் நின்றதே இல்லை. கூச்சம்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு மூடுபனி இறங்கியது, பின்னாலேயே தூறலும் வந்தது. என் நோட்டில் பதின்மூன்றாவது ஆண்டுக்கான கட்டத்தில் பேனாவை வைத்தேன், மை பரவிவிட்டது. மிமூன் நேராக என் மேசைக்கு வந்து, என் மூக்குக்கு எதிரே பெந்தீரைப் பிடித்து ஓங்கி ஓர் அடி அடித்தார்.

“கேக்குதா உஸ்தாத்?”

“இல்லையே.”

“அதான்.”

பிசைந்த மாவைப் பலகையில் அறைந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. “ஒரே ஒரு சின்ன நெருப்பு, உஸ்தாத். கால் மணி நேரம். நீங்க எழுதின விதிதானே, நீங்களே கோடு போட்டு அடிச்சிருங்க” என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் விதிகளின் அடியில் கையெழுத்திட்டவர் சங்கத் தலைவர். அவர் அதிகாரியை அழைத்துவரப் பெருஞ்சாலைக்குப் போயிருந்தார். விதிகளை மீறினால் என்ன செய்வது என்று நான்கு வரி எழுதியிருந்த நான், ஒரு விதியை நீக்கும் அதிகாரம் யாருக்கு என்று எழுத மறந்துவிட்டேன். அதை மிமூனிடம் சொன்னேன். அவர் தன் குழுவினரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் போய்விட்டார். பதினொன்று பத்துக்கு முதல் நிகழ்ச்சி அவர்களுடையது. ஆட மாட்டோம் என்று போய்விட்டார்களோ என்று, நிகழ்ச்சி நிரலில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அவர்கள் போனது ஊர்ப் பொது அடுப்புக்கு. அங்கே என் மனைவி தூதாவும் மற்றப் பெண்களும் விருந்தினருக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. நால்வரிடம் தனித்தனியாக விசாரித்து, ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன். ஏழாவது விதி மைதானத்துக்குத்தான், அடுப்புக்கு இல்லை என்று மிமூன் சொன்னாராம். தூதா, “அடுப்பு வாயில சாத்தி வெச்சுக்கோங்க, எனக்கென்ன. ஆனா சும்மா இல்ல. ரொட்டி பூரா நீங்கதான் சுமந்துட்டு வரணும். என் பொண்ணுங்க ஆட்டத்துக்கு உடுத்திட்டாங்க, கரி படாது” என்றாளாம். சரி, தட்டுகள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இங்கேதான் என் இரண்டாவது பிழை வருகிறது. போன ஆண்டு பதினொரு தட்டுகள் காணாமல் போனதால், இந்த ஆண்டு எல்லாத் தட்டுகளுக்கும் எண் எழுதிப் பள்ளிக்கூட அறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். சாவி என் அங்கிப் பையில் இருந்தது.

“சாவியை உஸ்தாத்கிட்ட வாங்கிட்டு வரட்டுமா?” என்றாராம் ஒருவர்.

“போங்க. முதல்ல விண்ணப்பம் எழுதச் சொல்வாரு. ரொட்டி ஆறி, திருவிழா முடிஞ்சு, பனி பெய்ஞ்சப்புறம் வந்து சேருவீங்க” என்றாளாம் தூதா. பிறகு அடுப்போரம் சாத்தியிருந்த பெந்தீர் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தாளாம். “இதுவும் வட்டமாத்தானே இருக்கு?”

“லல்லா தூதா! பெந்தீர் மேல ரொட்டியா? எங்கப்பா கேட்டா மண்ணுக்குள்ளேர்ந்து எந்திரிச்சு வந்துருவாரு!” என்றாராம் மிமூன்.

“வரட்டும். அவருக்கும் ஒண்ணு சூடா தரேன்.”

இதற்குள் மைதானத்தில் அதிகாரி வந்து முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டார்கள். பதினொன்று பத்து ஆயிற்று. பதினொன்று பன்னிரண்டும் ஆயிற்று. ஐத் ஸவ்கா சங்கத்தின் ஹம்மூ, எங்கள் விருந்தினர், எங்கள் பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே, “என்ன உஸ்தாத், உங்க ஊர்ல இந்த வருஷம் ஊமை ஆட்டமா?” என்று அதிகாரிக்குக் கேட்கும்படி கேட்டார். கையிலிருந்த நிரலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துக்கொண்டிருந்தேன். பதினொன்று பதினான்குக்கு மூடுபனிக்குள்ளிருந்து அவர்கள் வந்தார்கள். இருபத்துநான்கு ஆண்கள், வெள்ளை உடை, வெள்ளைத் தலைப்பாகை. மார்புக்கு நேரே கிடையாகப் பிடித்த பெந்தீர். ஒவ்வொன்றின் மேலும் ஆவி பறக்க நாலு நாலு ரொட்டி. கீழே விழுந்துவிடக்கூடாதே என்று அடிமேல் அடி வைத்து நடந்தார்கள், அது ஏதோ பெரிய பக்தி போலத் தெரிந்தது. பின்னால் பெண்கள் மாவு பிசையும்போது பாடும் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார்கள். அது நிரலில் இல்லை. எதுவுமே நிரலில் இல்லை. அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்ததால் எல்லாரும் எழுந்தார்கள்.

“என்ன இது, உஸ்தாத்?” என்று என்னைக் கேட்டார்.

“ரொட்டி” என்றேன். அது உண்மை.

“பெந்தீர் மேலயா?”

“ஆமாம்.” அதுவும் உண்மை.

“உங்க ஊர்ல காலங்காலமா இப்படித்தானா?”

ஐயா, நான் தலையை ஆட்டினேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் எந்தப் பள்ளி ஆய்வாளர் வந்து எதைக் கேட்டாலும் ஆட்டிப் பழகிய தலை அது. என்னைக் கேட்காமலே ஆடிவிட்டது. ஒலிவாங்கியில் தலையாட்டல் கேட்காது என்று பின்னர் என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் தங்கள் நிருபர் பக்கத்தில்தான் நின்றிருந்தார், எழுதிக்கொண்டார்.

முதல் ரொட்டியை அதிகாரிக்குக் கொடுத்தார்கள். அவர் விரல் சுட்டு, கைக்குக் கை மாற்றி, ஊதி ஊதிச் சாப்பிட்டார். ரொட்டி எல்லாம் கூட்டத்துக்குள் போனதும் மிமூன் பெந்தீரை நிமிர்த்தி முதல் அடி அடித்தார். தோலில் படிந்திருந்த மாவு வெள்ளைப் புகையாகக் கிளம்பியது. அந்தப் புகைதான் தங்கள் புகைப்படத்தில் இருப்பது. ஓசையோ, ஆற்றைத் தாண்டிப் போய் ஐத் ஸவ்காப் பாறையில் மோதித் திரும்பி எங்களிடமே வந்தது. அடுப்பில் சூடேறிய தோல், வழியெல்லாம் ரொட்டி தந்த வெதுவெதுப்பில் ஆறாமலே வந்துவிட்டது என்று மிமூன் பிறகு சொன்னார். அடுத்து மற்ற இருபத்துமூன்றும் சேர்ந்தன. பெண்களின் வரிசை அசைந்தது. ஹம்மூ மெல்வதை நிறுத்திவிட்டார். அப்போது யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள், அல்லது யாரும் இழுக்கவில்லை, எனக்குச் சரியாக நினைவில்லை. நாவிதர் உஷானுக்கும் மிமூனுக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன், தோளோடு தோளாக, அவர்கள் குனிந்தால் குனிந்து, நிமிர்ந்தால் கொஞ்சம் தாமதமாக நிமிர்ந்து. பையில் சாவி குலுங்கிற்று. எதிர் வரிசையில் இருந்த தூதாவின் காதில் அது விழுந்துவிட்டது.

“சாவி இங்கதான் ஆடிக்கிட்டிருக்கா?” என்றாள் தாளம் தப்பாமல்.

திருவிழா ஐந்து ஆண்டுகளுக்கு எங்கள் ஊருக்கே என்று அதிகாரி அன்று மாலையே அறிவித்தார். ஊரே குலவையிட்டது, நானும் அழுதேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்ன காரணம், “இன்றும் உயிரோடு இருக்கும் இந்த ரொட்டி மரபு” என்பது. ஆட்டத்துக்காகக் கொடுத்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஊரின் இவ்வளவு பெரிய மரியாதை என் தலையாட்டலின் மேல் நிற்கிறதே என்று தூதாவிடம் சொன்னேன். “நீங்க தலையாட்டினதுதானே பொய்? ரொட்டி பொய்யில்லையே, அந்தம்மா தின்னாங்களே” என்றாள். மிமூனிடம் சொன்னேன். “ஒரு தடவை செஞ்சாச்சு, உஸ்தாத். எல்லாமே ஒரு தடவைலதான் ஆரம்பிச்சிருக்கும்” என்றார். இதைவிட மோசம் தேநீர்க் கடையில் நடக்கிறது. அங்கே பெரியவர்களுக்கு நினைவு வரத் தொடங்கிவிட்டது. நாவிதரின் அப்பா, வெட்டுக்கிளி வந்த வருஷத்தில் தானே நாலு பார்லி ரொட்டி சுமந்ததாகச் சொல்கிறார். மறுநாள் அது ஐந்து ரொட்டி ஆகிவிட்டது. ஆகவே, இது இன்னும் வளர்வதற்குள், அவ்வழக்கம் இவ்வாண்டு ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி பதினொன்று பதினான்கு மணிக்கு, செயலாளரின் இரு பிழைகளால் முதன்முதலாக நிகழ்ந்தது என்று தங்கள் இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிடப் பணிவுடன் வேண்டுகிறேன். அதனால் எங்கள் ஊருக்கு என்ன நேர்ந்தாலும், உண்மைக்கு நான் பொறுப்பு.

தங்கள் பேனாவுக்கு மையும், தங்கள் வீட்டுக்கு மாவும் ஒருநாளும் குறையாதிருக்கட்டும். தங்கள் நிருபருக்கும் என் ஸலாம்; அவர் மறந்து விட்டுப்போன குடை, எண் எழுதிப் பத்திரமாக என்னிடம் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
பஸ்ஸூ அம்ரானி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பேருந்து வந்து, இந்த வார இதழ் கைக்குக் கிடைத்தது. இரண்டாம் பக்கத்தில் ஐத் ஸவ்கா ஹம்மூவின் கடிதத்தைப் படித்தேன். பெந்தீர் மேல் ரொட்டி சுமப்பது அவர்களுடைய கொள்ளுத்தாத்தா காலத்து வழக்கமாம். நாங்கள் ஆற்றுக்கு இக்கரையிலிருந்து பார்த்துத் திருடிக்கொண்டோமாம். ஐயா, இது அப்பட்டமான பொய். மேலே நான் எழுதியதில் ஒரு வரியையும் தயவுசெய்து அச்சிட வேண்டாம். கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். அவ்வழக்கம் எங்களுடையது. எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை. இதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. நாவிதரின் அப்பா உட்பட ஏழு பேரின் சாட்சியம், கைரேகையுடன் இணைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டுக்கான ஏழாவது விதியையும் திருத்திவிட்டேன்: “மைதானத்தில் நெருப்பு மூட்டுவது ஊர் மரபுக்கு விரோதம்.” சந்தேகம் இருந்தால் ஹம்மூவைக் கேளுங்கள், ரொட்டியை அடுக்கும்போது கருகிய பக்கம் மேலேயா கீழேயா என்று. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தூதாவிடம் இப்போதுதான் கேட்டேன். அன்று நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன். இன்று கையெழுத்தே போடுகிறேன்.

பஸ்ஸூ அம்ரானி,
செயலாளர்