மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னது

குதிரை அவனுடைய சட்டைக் காலரைக் கவ்விப் பிடித்திருந்தது. காலருக்குள் கழுத்தும் இருந்ததால் அவனால் திரும்ப முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அப்பா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆவலோடு கேட்டார்:

"அங்கெல்லாம் இப்படித்தான் ஆரம்பிப்பீங்களா?"

"ஆமாப்பா," என்றான் அவன், மிச்சமிருந்த மூச்சை வைத்துக்கொண்டு. "முதல்ல அதை நம்மளப் பிடிக்க விடணும். அப்பதான் அதுக்கு நம்ம மேல ஒரு... நம்பிக்கை வரும்."

"பாத்தியா!" அப்பா தங்கையிடம் திரும்பினார். "இத்தனை வருஷமா கடிச்சிடுமோ கடிச்சிடுமோன்னு ஓடிக்கிட்டிருந்தோம். நின்னு கடி வாங்கியிருக்கணும்!"

தங்கை சுற்றிக்கொண்டு போய்க் குதிரையின் முகத்துக்கு நேராக நின்று, மூக்கில் ஒரு தட்டுத் தட்டினாள். காலர் விடுபட்டது. அதாவது பாதிக் காலர். மீதியைக் குதிரை வைத்துக்கொண்டது.

அந்தக் குதிரைக்குப் பெயர் மாப்பிள்ளை. வெள்ளை முகம், ஒரு கண் மட்டும் நீலம். லாயத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பெயருக்கேற்ற குணம் எல்லாம் வந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பாது. வைத்த தீவனத்தை முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கும். டிராக்டர் படபடவென்று வெடித்துக் கிளம்பும்போது மற்ற குதிரைகள் துள்ளிக் குதிக்கும். இது மட்டும் வாலைக்கூட ஆட்டாமல் நிற்கும். "திமிரைப் பாரேன்," என்பார்கள் பார்க்கிறவர்கள்.

அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: ஃபாரின். பதினோரு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கியிருந்தான். அங்கே ஒரு பெரிய லாயத்தில் முரட்டுக் குதிரைகளைப் பழக்குகிறவன் என்று ஊரில் பேச்சு. அதற்குச் சாட்சி, சேணங்கள் தொங்கும் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு போட்டோ. அதில் அவன் ஒரு பெரிய கறுப்புக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கை தெரிகிறது. "அது இவனோட அசிஸ்டென்ட்," என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவந்தார். மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகாததற்கும் அவரே விளக்கம் வைத்திருந்தார்: "குதிரையைத் தவிர அவனுக்கு வேற நினைப்பே கிடையாது."

அது உண்மைதான். குதிரையை நினைத்தாலே அவனுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். பல சமயம் வேறு எதையும் நினைக்க முடியாது.

"சரி, நாளைக்கு ஏறிக் காட்டுறியா?" என்றார் அப்பா.

"நாளைக்கா?" அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "முதல் வாரம் ஏறவே மாட்டோம்பா. பேசுவோம்."

"பேசுவீங்களா? குதிரைகிட்டயா?"

"ஆமா. தினமும். கதவைச் சாத்திக்கிட்டு. பக்கத்துல ஒரு ஈ காக்கா இருக்கக்கூடாது."

தங்கை வாளியைக் கீழே வைத்தாள். "அண்ணா, இந்தக் குதிரைகிட்டயா பேசப் போறே? இதுக்குத்தான்..."

"நீ சும்மா இரு," என்று அப்பா அடக்கினார். "அவனுக்குத் தெரியாததையா நீ சொல்லித் தரப் போறே? பார்த்த உடனேயே கண்டுபிடிச்சிருப்பான். இல்லடா?"

அவன் கண்டுபிடித்தவன்போலத் தலையை ஆட்டி வைத்தான்.

அப்பாவின் அவசரத்துக்கும் காரணம் இருந்தது. முட்டிவலி வந்ததிலிருந்து அவரால் லாயத்தைக் கட்டி மேய்க்க முடியவில்லை. வார இறுதியில் குழந்தைகளுக்குச் சவாரி சொல்லித் தருவது, குதிரைகளைத் தேய்ப்பது, கணக்கு, கொட்டில் என்று எல்லாம் தங்கை தலையில். அடுத்த நிலத்துக்காரர் அந்த இடத்தில் பெட்ரோல் பங்க் வைக்க ரொம்ப நாளாகத் துடித்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கே 'பங்க்' என்றுதான் பெயர்.

"நீ திரும்பிப் போறவனா இருந்தா பங்குக்கே கொடுத்துடறேன்," என்று வந்த அன்றே அப்பா சொல்லிவிட்டார். "இருக்கறவனா இருந்தா லாயம் உன்னுது. ஆனா குதிரை உன் பேச்சைக் கேக்கணும். எதுக்கு எடுத்தாலும் உன் தங்கச்சியையே கூப்பிட முடியாது பாரு."

அவனுக்கு இருக்கவேண்டும். இந்தச் சேற்றிலும் வைக்கோலிலும், விடியற்காலையில் அப்பா இருமுகிற சத்தத்திலும் இருக்கவேண்டும் என்றுதான் அவன் வந்ததே. குதிரைகள்தான் இடைஞ்சல்.

மறுநாள் காலை மாப்பிள்ளையின் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குதிரை அவனுக்கு முதுகைக் காட்டி, எதிர்ச்சுவரில் தீவனத் தொட்டிக்கு மேலிருந்த சின்ன சன்னலைப் பார்த்தபடி நின்றது. அவன் மூலையில் வைக்கோல் கட்டோடு கட்டாக ஒண்டினான். கதவுக்கு வெளியே யாராவது நின்றால் கேட்கட்டுமே என்று குரலைச் செருமிக்கொண்டான்.

"மாப்பிள்ளை! நான் உன்ன மாதிரி நூறு குதிரையப் பாத்தவன். எங்க லாயத்துல என் காலடிச் சத்தம் கேட்டாலே..."

மாப்பிள்ளை பின்னங்காலால் சுவரை ஓர் உதை விட்டது. ஓட்டுச் சந்திலிருந்து தூசி கொட்டியது.

"சரி சரி, நூறு இல்ல," என்றான் அவசரமாக. "ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. அதுவும் என்னைத் தூக்கிப் போட்டுடுச்சு. அந்த வாரமே அந்த லாயத்துல என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. வீட்டுக்கு எப்படிப் போறது? பக்கத்துல ஒரு ஹோட்டல்ல துணி தேய்க்கற வேலைல சேந்துட்டேன். பதினோரு வருஷமா பெட்ஷீட்தான் தேய்ச்சேன், மாப்பிள்ளை. குதிரையே தேய்க்கல."

குதிரை காலைக் கீழே வைத்தது. கழுத்தைச் சன்னல் பக்கம் நீட்டி, தலையைத் தாழ்த்தி, அப்படியே நின்றுவிட்டது. தாடை மட்டும் மெல்ல அசைந்தது.

சொன்னதையெல்லாம் நிதானமாக அசைபோடுகிறதே! அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. குதிரை அசைபோடும் பிராணி அல்ல என்பது, குதிரையோடு பழகியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து இது தினசரி வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் அளந்துவிட்டால் போதும், மாப்பிள்ளை வாளியை உதைக்கும், மூக்கால் சீறும், திரும்பி அவனைப் பார்க்கும். உண்மையைச் சொன்னால் சன்னல் பக்கம் திரும்பிச் சாந்தமாக அசைபோடும். தப்பித்துக்கொள்ள வேறு வழியில்லாமல், அவன் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் ஒரு குதிரையின் பின்புறத்திடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்த போட்டோல இருக்கறது போலீஸ் குதிரை, மாப்பிள்ளை. ரோட்டுல நின்னுக்கிட்டிருந்துச்சு. போலீஸ்காரருக்கு ஜலதோஷம். மூக்கு சிந்திக்கறேன், ஒரு நிமிஷம் பிடிங்கன்னு கடிவாளத்தைக் கொடுத்தார். கூட வேலை செய்யறவன் போட்டோ எடுத்துட்டான். அந்த முழங்கை அவரோடதுதான்."

அசைபோடல். நடுவே 'கர்ரக்' என்று ஒரு சத்தம். சன்னல் பக்கமிருந்து யாரோ தும்மலை அடக்கியதுபோலவும் இருந்தது. குதிரை பல்லைக் கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

வெளியே தங்கை வேறொரு கவலையில் இருந்தாள். "சமையலுக்கு வாங்கி வெக்கற கேரட்டெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல," என்று புலம்பினாள். "எலி இவ்வளவு தின்னுமா?"

"பெரிய எலியா இருக்கும்," என்றார் அப்பா.

ஐந்தாம் நாள் அப்பா சாப்பாட்டு மேசையில் குண்டைப் போட்டார். "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். சவாரிக்கு வர்ற பிள்ளைங்களோட அப்பா அம்மா, டாக்டர், பங்க், எல்லாரும் வர்றாங்க. நீ நடு மைதானத்துல நின்னு பேசு. மாப்பிள்ளை நடந்து வந்து உன் பக்கத்துல நின்னுட்டா, சாவியை உன் கையில கொடுத்துடறேன். நிக்கலைன்னா அங்கயே பங்குக்குக் கையெழுத்து."

அவன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். "அப்பா, இது தனியாப் பேசற விஷயம்..."

"நாங்க வேலிக்கு இந்தப் பக்கம்தானே நிக்கப் போறோம்."

"அதுவும் இல்லாம, குதிரை கொஞ்சம் நொண்டுதுப்பா."

அவனுக்குப் போதாத காலம். மறுநாளே தங்கை கால்நடை டாக்டரை வரவழைத்துவிட்டாள். அவன் கொட்டிலுக்குள் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவர் வந்திருக்கிறார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டான் அவன், வெளியே வந்ததும்.

"என்னமோ போ," என்றாள் தங்கை. "கதவு சாத்தியிருக்கேன்னு ஊசியைக் கையில எடுத்துக்கிட்டுக் கொட்டிலுக்குப் பின்பக்கமா போனார். போடாமலே பூனை மாதிரி நடந்து திரும்பி வந்துட்டார். குதிரைக்கு ஒண்ணும் இல்லையாம். சிரிச்சுக்கிட்டே வண்டி ஏறினார்."

சனிக்கிழமை அவன் கொட்டிலில் வெகு நேரம் இருந்தான்.

"எனக்குத் திரும்பிப் போக வேண்டாம், மாப்பிள்ளை. ஓட்டுற வேலைதான் வேணும்னு இல்ல, இங்க சாணி அள்ளினாலும் போதும். ஆனா அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் சொல்லிடணும்னுதான் எடுப்பேன். அதுக்குள்ள அவரு, 'இரு, இங்க ஒருத்தர் வந்திருக்காரு, உன்னைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்'ம்பாரு. அந்தக் குரலைக் கேட்டுட்டு பெட்ஷீட்டுன்னு எப்படிச் சொல்றது?"

அன்றைக்கு அசைபோடும் சத்தம்கூட இல்லை. மாப்பிள்ளை சன்னலைப் பார்த்துக் கழுத்தை நீட்டியபடி வெறுமனே நின்றது. பிறகு, என்ன நினைத்ததோ, ஒரேயடியாக மூன்று நான்கு தடவை 'கர்ரக், கர்ரக்' என்றது.

ஞாயிற்றுக்கிழமை வேலி முழுக்கத் தலைகள். பங்க் சலவைச் சட்டையில், பையில் பேனாவோடு வந்திருந்தார். தங்கை மாப்பிள்ளையைக் கொண்டுவந்து மைதானத்தின் ஒரு கோடியில் கட்டாமல் விட்டுவிட்டு ஒதுங்கினாள். அவன் நடுவில் நின்றான். அப்பா அவனுக்கு நேர் பின்னால், வேலியோரம், ஜிப்பாப் பைக்குள் இரண்டு கையையும் விட்டபடி நின்றார்.

"மாப்பிள்ளை," என்றான் மெதுவாக. "நாம நேத்து பேசினோமே, அதேதான். வா."

மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தது.

"சத்தமாப் பேசுங்க தம்பி, எங்களுக்கே கேக்கல!" என்றார் பங்க்.

"நீ நல்ல குதிரை! நான் நல்ல... நான் அனுபவசாலி!"

மாப்பிள்ளை முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நின்றது. கூட்டத்தில் ஒரு குழந்தை கைதட்டியது. பங்க் பேனாவை வெளியே எடுத்தார். குதிரை மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஒரு சுற்று ஓடி, அவனுக்கு எதிரே வந்து, காதைப் பின்னால் மடித்தது. அந்த மடிப்பின் அர்த்தம் அவனுக்குத் தெரியும்; ஒரு காலர் விலை கொடுத்துக் கற்றது.

அவன் பின்வாங்கி, முதுகு வேலியில் முட்ட நின்றான். ஓடலாம். ஓடினால் பெட்ரோல் பங்க்.

"நான் குதிரைக்காரன் இல்ல!" என்று அவன் கத்தினான். "கேட்டுக்க மாப்பிள்ளை, நான் குதிரைக்காரனே இல்ல! ஹோட்டல்ல பெட்ஷீட் தேய்ச்சேன்! பதினோரு வருஷம்! போட்டோல இருக்கறது போலீஸ் குதிரை! குதிரைன்னாலே எனக்குப் பயம், இப்பவும் பயம், கால் நடுங்குது, பாரு! அப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்! ஆனா எனக்கு இங்கதான் இருக்கணும்!"

வேலியோரம் பங்க் பேனாவோடு முன்னால் குனிந்தார்.

மாப்பிள்ளையின் காதுகள் நிமிர்ந்தன. தலையைத் தாழ்த்திக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்து, நேராக அவனை நோக்கி வந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். சூடான மூச்சு அவன் தோளைத் தாண்டிப் போனது. கண்ணைத் திறந்தபோது குதிரை அவனை உரசிக்கொண்டு, அவன் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி நின்றது. அவன் மெல்லக் கையை அதன் கழுத்தில் வைத்தான். கை, ஆச்சரியமாக, அங்கேயே இருந்தது.

திரும்பிப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"இஸ்திரி நல்லாப் போடுவியா?"

"போ... போடுவேன்பா."

"சேணத்துக்கு அடியில விரிக்கற துணியெல்லாம் கசங்கிக் கிடக்கு. உன் தங்கச்சிக்கு அதெல்லாம் வராது." அப்பா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து வேலிக்கு மேலாக நீட்டினார். அவர் மூக்குக்கண்ணாடி லேசாக ஈரமாகியிருந்தது. "குதிரை ஓட்ட அவ இருக்கா. வீட்டுல இருக்கறதுக்குத்தான் ஒரு ஆள் வேணும். பங்க், பேனாவை மூடுங்க, மை காஞ்சிடப் போகுது."

"சாணி இல்லண்ணா, லத்தி," என்றாள் தங்கை, அவன் கையில் மண்வெட்டியைத் திணித்து. "குதிரை போட்டா லத்தி. முதல்ல அதைக் கத்துக்கோ."

'சாணி அள்ளுகிறேன் என்று இவளிடம் எப்போது சொன்னேன்?' என்று ஒரு கணம் யோசித்தான். சந்தோஷத்தில் அது மறந்துபோயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவன் சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"பாத்தீங்களா டாக்டர்? மனுஷங்ககிட்ட இல்லாத குணம். உண்மையைச் சொன்னா உடனே புரிஞ்சுக்குது. ஒரு வாரமா நான் சொல்லச் சொல்ல, சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, ஒரு வார்த்தை விடாம கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

டாக்டர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே அவன் பக்கம் திரும்பினார்.

"அதுக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காது, தம்பி. கேட்டுக்கிட்டிருந்தது, அந்தச் சன்னலுக்கு வெளியில கேரட்டோட நின்ன உங்க அப்பா."